சுக்கின் பூர்வோத்தரம்

நீதி நூலுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது பழந்தமிழ்ப் புலவர்கள் சிலர் நேரே மருந்துக் கடையை நோக்கி நடந்தார்கள் என்பது நம்முடைய இலக்கிய சரித்திரத்தில் ஒரு வேடிக்கையான செய்தி. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று காரச் சரக்குகளும் கூடி உடற்பிணியைத் தீர்ப்பதுபோல, ஒவ்வொரு செய்யுளிலும் தாம் கோத்து வைத்த மும்மூன்று பொருள்களும் உள்ளத்தின் பிணியைத் தீர்க்கும் என்ற எண்ணத்தால் நல்லாதனார் தம்முடைய நூலுக்குத் திரிகடுகம் என்று பெயர் சூட்டினார். காரியாசான் ஐந்து வேர்களைச் சேர்த்துச் சிறுபஞ்சமூலம் என்றார். கணிமேதாவியாரோ ஆறு சரக்குகள் கூடிய ஒரு சூரணத்தின் பெயரை எடுத்துக்கொண்டு தம் நூலை ஏலாதி என்று வழங்கினார். அந்தச் சூரணத்தின் அளவை உரைகாரர்கள் கூறும்போது, ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு, நாககேசரம் மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆக மொத்தம் 21 பங்கில் ஏலத்தின் பங்கு ஒன்றுதான். ஆனால் பெயரை அது தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆறு பங்கு பாரத்தைச் சுமக்கிற சுக்கு, ‘ஆதி’ என்ற சொல்லுக்குள்ளே ஒடுங்கிக் கடைசியில் நிற்கிறது.

இந்த ஏலாதிக் கணக்கு சுக்கினுடைய ஜாதகத்துக்கே ஒரு பிள்ளையார் சுழி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பின்வந்த நூற்றாண்டுகளில் அது கப்பலேறிச் சென்ற தேசங்களிலும், நம் வீட்டு அடுப்படியிலும், கோயில் மடைப்பள்ளியிலும் வேலையைத் தான் செய்து பெயரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

அதற்குச் சொந்தப் பெயர்கள் இல்லாமல் இல்லை. வைத்திய நூல்களையும் நிகண்டுகளையும் புரட்டினால் நாகரம், சுண்டி, வேர்க்கொம்பு, மகௌஷதம், விசுவபேஷஜம் என்று வரிசையாக வருகின்றன. மகௌஷதம் என்றால் பெருமருந்து. விசுவபேஷஜம் என்றால் உலகத்து நோய்களுக்கெல்லாம் மருந்து. எத்தனையோ அரிய மூலிகைகள் இருக்க, இவ்வளவு பெரிய பட்டத்தை மலிவான ஒரு வற்றல் கிழங்குக்குக் கொடுத்த வைத்தியர்களின் மனத்தை நாம் கவனிக்க வேண்டும். சுக்கு என்ற பெயரோ, உலர்ந்தது என்னும் பொருளையுடைய ‘சுஷ்க’ என்ற வடசொல் பிராகிருதத்தில் திரிந்து வந்ததென்பர் ஒரு சாரார். வற்றிச் சுருங்கியது என்ற கருத்தில் தமிழிலேயே பிறந்ததென்பர் மற்றொரு சாரார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. வெயிலில் அலைந்து மெலிந்தவனைச் ‘சுக்காய் உலர்ந்துபோனான்’ என்று கிராமத்தில் சொல்வதும், அசைவ ஓட்டல்களில் குழம்பு வற்ற வறுத்த கறியைச் ‘சுக்கா’ என்று கூவுவதும் ஒரு குடும்பத்துச் சொற்களே என்று நினைத்துக்கொண்டு மேலே போகலாம்.

பச்சையாக இருக்கும்போது அதற்குள்ள பெயர் இதைவிட அதிக தூரம் பிரயாணம் செய்தது. இஞ்சி என்ற சொல் சங்க காலத்திலேயே வழக்கில் உண்டு; மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பாண்டி நாட்டு விளைபொருள்களுள் இஞ்சியையும் மஞ்சளையும் சேர்த்தே சொல்கிறார். (கோட்டை மதிலுக்கும் அக்காலத்தில் இஞ்சி என்று பெயர் உண்டு, பழம்பாட்டைப் படிக்கும் இளைஞர்கள் பகைவர் இஞ்சியை முற்றுகையிட்டார்கள் என்ற இடத்தில் மலைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.) இஞ்சி வேர் என்ற தொடரே பாலி மொழியில் ‘சிங்கிவேர’ என்று ஆகி, அங்கிருந்து கிரேக்கரிடம் ‘சிங்கிபெரிஸ்’ என்றும் ரோமரிடம் ‘சிஞ்சிபெர்’ என்றும் உருமாறி, ஐரோப்பிய பாஷைகளிலெல்லாம் குடியேறியது என்பது பாஷா சாஸ்திரிகள் பலர் ஒப்புக்கொண்ட முடிவு. வடமொழியில் இதைச் ‘சிருங்கவேரம்’ என்று வழங்கி, மான் கொம்பு போன்ற உடலையுடையது என்று பொருளும் கற்பித்துக்கொண்டார்கள். காதில் விழுந்த அந்நியச் சொல்லுக்குத் தன் வீட்டு அர்த்தத்தைப் பொருத்திப் பார்ப்பது எல்லா மொழிகளுக்கும் உள்ள பழக்கந்தான். அரபியரிடம் அது ‘சஞ்சபீல்’ ஆயிற்று. சுவர்க்கத்தில் நல்லோருக்கு அளிக்கப்படும் பானத்தில் அது கலந்திருக்கும் என்று குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் கூறுகிறது.

ஆனால் இஞ்சி கடல் கடந்தது இஞ்சியாக அன்று. பச்சைக் கிழங்கு சில வாரங்களில் அழுகும், அல்லது முளைத்துவிடும். பதினான்காம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுத் துறையில் சீனக் கப்பல்களைக் கண்ட இபன் பதூதா, அவற்றின் மாலுமிகள் மரத்தொட்டிகளில் மண் நிரப்பிக் கீரைகளையும் இஞ்சியையும் பயிரிட்டுக்கொண்டிருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். பச்சை இஞ்சி வேண்டுமென்றால் தோட்டத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. வருஷக்கணக்கில் கெடாமல், எடையில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி, மூட்டையில் அடங்கி, ஒட்டகத்தின் முதுகிலும் கப்பலின் அடித்தளத்திலும் சமமாகப் பிரயாணம் செய்யக்கூடிய சரக்காக அதை மாற்றியது வெயிலும், அந்த வெயிலைப் பயன்படுத்தத் தெரிந்த மலையாளக் கரைக் குடியானவனின் கைத்திறனுமே.

அந்தக் கைத்திறனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டுக்குத் தெற்கே, ஆங்கிலேயர் ‘ஷெர்நாடு’ என்று எழுதி வைத்த பகுதியில் விளைந்த இஞ்சிக்கு இணை மலபாரிலேயே வேறில்லை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரசித்தம். ஹீபர் துரூரி என்பவர் இந்தியாவின் பயனுள்ள தாவரங்களைப் பற்றி 1858-ல் சென்னையில் வெளியிட்ட புஸ்தகத்தில் அவ்விடத்துச் சாகுபடி முறை விவரமாக வருகிறது. அங்கே பெரும்பாலும் மாப்பிள்ளை முஸ்லிம்களே அதைப் பயிரிட்டார்கள். பருக்கைக் கல் கலவாத செம்மண் நிலமே அதற்கு உகந்தது. நீர் தேங்கும் சதுப்பு நிலம் ஆகாது. சித்திரை வைகாசியில் நிலத்தை நன்றாக உழுது, மழை தொடங்கும் தறுவாயில் பத்துப் பன்னிரண்டு அடி நீளமும் மூன்று நான்கு அடி அகலமுமாகப் பாத்தி கட்டி, முக்கால் அடிக்கும் ஓர் அடிக்கும் இடைப்பட்ட தூரத்தில் சிறு குழிகளைத் தோண்டி எருவிட்டு, கொட்டகையில் மண்ணுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்த விதைக் கிழங்குகளுள் முளைக்கும் பக்குவம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை அங்குலம் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் புதைப்பார்கள். புதைத்த கையோடு பாத்தி முழுவதையும் பச்சைத் தழைகளால் கனமாக மூடிவிடுவார்கள். தழை எருவாகவும் ஆகும், மலையாளத்து மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் குடையாகவும் நிற்கும்.

கறிக்கு வேண்டிய இஞ்சியை ஐந்தாறு மாதங்களிலே பிடுங்கிவிடலாம். சுக்குக்கு அப்படிப் பறக்கக் கூடாது. இலைகள் மஞ்சளாகி, தண்டு காய்ந்து தரையில் சாயும் வரையில், அதாவது எட்டு மாதங்களுக்குக் குறையாமல், கிழங்கு மண்ணில் கிடந்து முற்ற வேண்டும். மார்கழி தை மாதங்களில் அகழ்ந்தெடுத்து, வேரையும் மண்ணையும் போக்கி, ஓரிரவு நீரில் ஊறப்போட்டு, மறுநாள் தோலைச் சீவுவார்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சீவுவதற்கு இரும்புக் கத்தி உதவாது, கறை படிந்துவிடும். கூராகச் செதுக்கிய மூங்கில் சிம்பினால்தான் சுரண்ட வேண்டும். ஆழமாகச் சீவிவிட்டாலும் நஷ்டம். மணத்தைத் தரும் எண்ணெய் அறைகள் தோலுக்கு அடியிலேயே நெருங்கி இருப்பதால், தோல் போக வேண்டும், அதற்கு அடுத்த படலம் போகக் கூடாது. கொம்பும் கிளையுமாகக் கோணி வளைந்திருக்கும் ஒரு கிழங்கில், மயிரிழை போன்ற இந்த எல்லையை விரல் நுனியினாலே அறிந்து சுரண்டும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிறகு ஒரு வாரம் பத்து நாள் நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, கடைசியில் ஒன்றோடொன்று உரசும்படி தேய்த்து, ஒட்டியிருக்கும் தோலைப் போக்கினால் சரக்கு தயார். நூறு ராத்தல் இஞ்சி போட்ட இடத்தில் இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து ராத்தல் சுக்கு மிஞ்சும்.

அரபு தேசத்து வியாபாரிகள் வெள்ளை வெளேர் என்றிருக்கும் சரக்கையே விரும்பினார்கள். அதற்காகச் சுண்ணாம்பு நீரில் தோய்த்துக் காயவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. சுண்ணாம்புப் பூச்சினால் பூச்சி அரிப்பதும் குறைந்தது. நம்முடைய சித்த வைத்தியர்களோ சுண்ணாம்பை வேறு விதமாக உபயோகித்தார்கள். சுக்கைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு ஜாமம் ஊறவைத்து எடுத்துக் கழுவி உலர்த்தி, மேல்தோலை மறுபடியும் சீவிப் போட்ட பின்பே மருந்தில் சேர்த்தார்கள். கடுக்காய்க்கு உள்ளே இருக்கும் கொட்டை நஞ்சு, சுக்குக்கு வெளியே இருக்கும் தோல் நஞ்சு என்பது அவர்களுடைய சித்தாந்தம். வியாபாரி கண்ணுக்காகப் பூசினான். வைத்தியன் சுத்திக்காகத் தோய்த்துக் கழுவினான்.

காய்ந்த இஞ்சி நீர் வற்றிய இஞ்சியே, வேறொன்றுமில்லை என்று நினைப்பவர்களுக்கு நம் முன்னோர்கள் ஒருபோதும் உடன்பட்டதில்லை. காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று நாளைப் பங்கிட்டுக் கொடுத்த விதியிலேயே இஞ்சியும் சுக்கும் வெவ்வேறு மருந்துகள் என்ற எண்ணம் தெளிவாக இருக்கிறது. சரக சம்ஹிதையும் சுக்கை உஷ்ணமானது என்று சொல்லும்போதே, ஜீரணமான பின் மதுரமாகிவிடுவது என்று மிளகிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. இன்றைய ரசாயன சாஸ்திரமும் இந்தப் பிரிவினைக்குச் சாட்சி சொல்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் என்ற பொருள், உலரும்போது நீர்க்கூறு ஒன்றை இழந்து ஷோகால் என்ற மற்றொரு பொருளாக மாறுகிறது. அதன் காரம் முன்னதைவிட அதிகம். ‘ஷோகா’ என்பது இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர். விசுவபேஷஜத்தின் உயிர்ச்சத்துக்குக்கூட ஜப்பான் பெயர்தான் அமைந்தது.

மேலை நாட்டார் கதைக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமரான பிளினி, இஞ்சியை மிளகுச் செடியின் வேர் என்று பலர் நினைப்பது தவறு என்று திருத்திவிட்டு, அது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைகிறது என்று தாமே ஒரு தவற்றைச் செய்கிறார். ஒரு ராத்தலுக்கு ஆறு தெனாரியம் என்று விலையும் குறிக்கிறார். கருமிளகின் விலை நான்குதான். நடுவில் நின்று வாங்கி விற்ற செங்கடல் வியாபாரிகள் சரக்கு வரும் இடத்தை வெளியே விடாமல் காத்ததன் விளைவு, மலையாளத்து வேர் அரேபியாவின் வேராக ரோமாபுரியில் மதிப்புப் பெற்றது. ஆயிரத்திருநூறு வருஷங்களுக்குப் பின் வந்த மார்க்கோ போலோ கொல்லத்தில் நேரே அதைக் கண்டு, அவ்வூர்ப் பெயராலேயே அது வழங்குகிறது என்று எழுதினார். அவருக்குப் பிறகு பிளாரன்ஸ் நகரத்து வணிகர் பெகோலொத்தி தம் வியாபாரக் கையேட்டில் இஞ்சியை மூன்று தரமாக வகுக்கிறார்: பெலெதி, கொலொம்பினோ, மிக்கினோ. பெலெதி என்பது அரபியில் ‘நாட்டுச் சரக்கு’. கொலொம்பினோ நம் கொல்லம். மிக்கினோ மக்காவின் பெயரால் வந்தது. விளைவித்த மண்ணின் பெயர் ஒன்றுக்குத்தான் அகப்பட்டது, அதுவும் துறைமுகத்தின் வழியாக.

1498-ல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கியதற்கு மிளகே காரணம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். அந்த மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே இருந்த சுக்கு மூட்டைகளை யாரும் எண்ணிச் சொல்வதில்லை. கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஒர்த்தா என்ற வைத்தியர் 1563-ல் அச்சிட்ட சம்பாஷணை நூலில் இஞ்சிக்கு இடம் கொடுத்திருக்கிறார். டச்சுக்காரர் காலத்தில் கொச்சியின் கவர்னர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் கொங்கணிப் பண்டிதர் மூவரும் உதவ, மலையாளத்துச் செடிகொடிகளைத் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரையில் பன்னிரண்டு சம்புடங்களாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற மகா கிரந்தத்தை உண்டாக்கினார். அதன் பதினோராவது சம்புடத்தில் ‘இஞ்சி’ என்று நம்முடைய சொல்லே தலைப்பாக நிற்கிறது. நூறு வருஷங்களுக்குப் பின் வந்த ஐரோப்பிய தாவர சாஸ்திரிகள் இந்த மரியாதையைக் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்: 1807-ல் ராஸ்கோ என்பவர் அதற்கு வைத்து, இன்று வரை நிலைத்திருக்கும் பெயரின் முதற்பாதி, மேலே சொன்ன ‘சிஞ்சிபெர்’ என்ற பழைய சொல்லின் வழித்தோன்றல்.

இதற்குள் ஸ்பானியர் இஞ்சிக் கிழங்கை அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜமெய்க்காவில் அது செழித்தது. தோலை முழுவதும் நேர்த்தியாகச் சீவிய அவ்விடத்துச் சரக்கு லண்டன் சந்தையில் முதல் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்ள, கொச்சிச் சுக்கும் கோழிக்கோட்டுச் சுக்கும் அடுத்த ஸ்தானங்களுக்குத் தள்ளப்பட்டன. போன பிள்ளை அந்நிய தேசத்தில் தாயைவிடப் பெரியவனானதும் இந்த வம்சத்தில் நடந்திருக்கிறது.

கப்பல் கணக்கை இங்கே மூடிவிட்டு அடுப்படிக்குப் போகலாம். எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

நம் நாட்டில் சமையலுக்கும் வைத்தியத்துக்கும் நடுவே மதில் எழுப்பியவர் யாருமில்லை. ஒரு வேலியாவது இருந்ததென்றால், அந்த வேலியின் மேல் ஏறி இரு பக்கமும் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது சுக்கு. திரிகடுகம், ஓமம், இந்துப்பு, இரண்டு வகைச் சீரகம், பெருங்காயம் ஆகிய எட்டும் சேர்ந்த இங்குவாஷ்டக சூரணத்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆயுர்வேத ஆசிரியரான வாகடர் சொல்லும்போது, சோற்றின் முதற் கவளத்தில் நெய்யோடு பிசைந்து உண்ண வேண்டும் என்கிறார். இதையே பெயர் தெரியாமல் நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக நடத்திவருகிறார்கள். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ இவற்றை நெய்யில் வறுத்து, சுக்கும் மிளகும் சேர்த்து இடித்த அங்காயப் பொடியைப் பிள்ளைபெற்றவளுக்கு முதற் பிடிச் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து கொடுப்பதைப் பார்த்தவர்கள், அது வாகடரின் விதி என்று சொன்னால் சிரிப்பார்கள். அம்மா சொன்ன வழக்கம் என்பார்கள். ஏட்டிலிருந்து அடுப்படிக்கு வந்ததா, அடுப்படியிலிருந்து ஏட்டுக்குப் போனதா என்ற வினாவுக்கு இரண்டாவதையே விடையாகக் கொள்ள என் மனம் இழுக்கிறது.

பிள்ளைப்பேற்று மருந்தில் சுக்குக்கு உள்ள அதிகாரத்துக்கு அளவே இல்லை. ஆயுர்வேதத்தில் அதற்குரிய லேகியத்துக்குப் பெயரே சௌபாக்ய சுண்டி. கொங்கு நாட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை முதலிய சரக்குகளுக்கு மொத்தமாகச் ‘செலவு’ என்று பெயர். அவற்றை அரைத்துவிட்டு வைக்கும் செலவு ரசம் பிள்ளைபெற்றவளுக்கு மட்டுமன்றி, ஜுரத்தில் கிடந்து எழுந்தவனுக்கும் உரியது. யாழ்ப்பாணத்தார் அதையே ‘சரக்கு’ என்பார்கள். சரக்கு அரைத்து வைத்த பத்தியக் கறி அவ்விடத்துப் பிரசவ வீடுகளில் தெருவரைக்கும் மணக்கும். ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் செலவென்றும் ஓரிடத்தில் சரக்கென்றும் பெயர் வந்ததைப் பார்த்தால், வாங்கியவன் பார்வை ஒன்றிலும் விற்றவன் பார்வை மற்றொன்றிலும் படிந்திருக்கிறதோ என்று தோன்றுகிறது. பிறந்த குழந்தைக்கும் உரைமருந்து உண்டு. சுக்கு, வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இவற்றை வேகவைத்து உலர்த்தி, உரைகல்லில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று எண்ணி உரைத்து நாக்கில் தடவுவார்கள். அளவைத் தராசில் பார்ப்பதில்லை, கல்லின் மேல் கை சுற்றும் சுற்றே அளவு. அதே கல்லில் பெரியவர்களுடைய தலைவலிக்கும் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவதால், எங்கள் வீட்டுக் கல்லில் நடுவே ஒரு சிறு குளம் விழுந்திருந்தது. மூன்று தலைமுறையின் தலைவலி அந்தக் குளத்தில் அடக்கம்.

தீபாவளி லேகியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பலர் கோபித்துக்கொள்வார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், தனியா இவற்றை இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் தேனும் விட்டு இறக்கும் அந்தக் கரிய உருண்டையை, விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்துக்குப் பின், பட்சணங்களுக்கு முன்பாகக் கொடுப்பார்கள். குற்றம் செய்வதற்கு முன்பே பிராயச்சித்தம் செய்துகொள்ளும் சமயம் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டோ, அறியேன். பெயர் என்னவோ தீபாவளிக்குப் போய்விட்டது; காரத்தைக் கொண்டு யார் வேலை செய்கிறார்கள் என்பது தொண்டைக்குத் தெரியும். சென்னையில் ராசப்பா செட்டி தெருவிலே வரிசையாக இருக்கும் நாட்டு மருந்துக் கடைகளில் ஐப்பசி பிறந்ததும் இந்தச் சரக்குகளை அளந்து பொட்டலம் கட்டும் வேகத்தைப் பார்ப்பதே ஒரு விநோதம்.

மனிதருக்கு ஆகிற மருந்து தெய்வத்துக்கும் ஆகும். காஞ்சீபுரத்து வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் இட்டிலியில் சுக்குப் பொடியும் மிளகும் சீரகமும் நெய்யும் சேருகின்றன; இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் மாவை வார்த்து மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்து எடுப்பதால், அது சில நாட்கள் வரையில் கெடாது. சுக்கின் உஷ்ணத்தை உளுந்தின் குளிர்ச்சிக்கு ஈடாக வைத்துச் செய்த அந்தப் பக்குவத்தின் புகழ் முழுவதும் ஊருக்குப் போய், ‘காஞ்சீபுரம் இட்டிலி’ என்று ஓட்டல் பலகைகளில் எழுதப்படுகிறது. ஸ்ரீராமநவமிக்கு வெல்லமும் எலுமிச்சம்பழமும் ஏலமும் சுக்கும் கலந்த பானகம், கோடை வெயிலில் வடம் பிடித்துத் தேர் இழுத்தவர்களுக்கு உயிர் கொடுக்கிறது. சபரிமலைக்கு ஏறுகிறவர்களுக்கு வழியிலே கொடுப்பதும் சுக்கு வெந்நீர்தான். தென்பாண்டிச் சீமையில், உடன்குடிப் பக்கத்தில் பதநீர் காய்ச்சுகிறவர்கள் பாகிலேயே சுக்கு, மிளகு, ஏலம் தூவிச் சில்லுக் கருப்பட்டியாக வார்த்துவிடுவார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டால் இனிப்பு முதலில் வந்து உபசாரம் செய்யும், காரம் பின்னால் வந்து காரியத்தைப் பார்க்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரம் சுக்குக் காப்பியின் கதை. சுக்கும் கொத்தமல்லி விதையும் வறுத்து இடித்துக் கொதிக்கவைத்துக் கருப்பட்டி சேர்த்த பானத்தை நம் ஜனங்கள் காப்பிக் கொட்டையைக் கண்ணால் காண்பதற்கு வெகு காலம் முன்பே குடித்தவர்கள். சுக்கு நீர், சுக்கு வெந்நீர், மல்லிக் கஷாயம் என்று அதற்குப் பெயர்கள் இருந்தன. பிறகு காப்பி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் பட்டணத்து வீடுகளிலும், அதன்பின் கிராமத்து வீடுகளிலும் நுழைந்து, விடியற்காலைப் பழைய சோற்றை விரட்டிவிட்டு அந்த ஆசனத்தில் அமர்ந்துகொண்டது. அப்போது நடந்தது என்னவென்றால், சூடாக, இனிப்பாக, டம்ளரில் குடிப்பதெல்லாம் காப்பி என்ற எண்ணம் ஊன்றிப்போய், பழைய சுக்கு நீரும் சுக்குக் காப்பி என்ற புதுப்பெயரைச் சூட்டிக்கொண்டது. காப்பியை விலக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த கதர்க்காரர்களும் தங்கள் கடைகளில் ‘சுக்குமல்லிக் காப்பித் தூள்’ என்றே அச்சிட்டு விற்றார்கள். காப்பிக் கொட்டையில் ஒன்றுகூட இல்லாத காப்பி! பகைவனின் பெயரை வைத்துக்கொண்டால்தான் பகைவனை வெல்லலாம் என்று கண்டார்களோ என்னவோ. இன்றும் மாலை வேளைகளில் மதுரைத் தெருக்களிலும் கோயமுத்தூர்த் தெருக்களிலும் சைக்கிளின் பின்னால் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருகிறவன் கூவுவது இந்தக் காப்பியைத்தான்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகப் புரண்டது. அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது, ‘ஜமெய்க்கா ஜிஞ்சர்’ என்ற இஞ்சிச் சாரத்தில் சாராயம் அதிகமாக இருந்ததால், மருந்து என்ற பெயரில் அதை வாங்கிக் குடித்தார்கள். 1930-ல் சில உற்பத்திக்காரர்கள் லாபத்துக்காக அதில் ஒரு விஷ ரசாயனத்தைக் கலந்துவிட, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கால் விழுந்துபோயிற்று. நம் சென்னை மாகாணத்திலும், 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு பிற ஜில்லாக்களுக்குப் பரவிய காலத்தில் ‘ஜிஞ்சர்’ என்று கேட்டுச் சிறு சீசாக்களை வாங்கியவர்கள் உண்டு. அவர்களில் அஜீர்ணத்தால் வருந்தியவர்கள் மிகச் சிலரே. எல்லோருக்கும் பெயரைக் கொடுத்துவிட்டு வேலை செய்த பண்டம், அங்கே வேலை செய்யாமல் பெயரை மட்டும் இரவல் கொடுத்துப் பழியை வாங்கிக்கொண்டது.

சுக்குக்கு மிஞ்சின மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சின தெய்வமில்லை என்பது பழமொழி. பழமொழியை நம்பி எல்லா நோய்க்கும் சுக்கையே இடித்துப் போடுகிறவர்களை நான் ஆதரிக்கிறவனல்லன். பித்த தேகத்தாரும் வயிற்றுப் புண் உள்ளவர்களும் அதை அளவோடுதான் கையாள வேண்டும் என்று வைத்தியர்களே எச்சரிக்கிறார்கள். ஆயினும் அஜீர்ணம், குமட்டல், மழைக்கால ஜலதோஷம் என்ற சிறு உபத்திரவங்களுக்கு அதைத் தேடுகிற கை தவறிப் போவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடியாக வாங்காதீர்கள், கொம்பாக வாங்குங்கள். வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்பு மின்னுகிற கொம்பைத் தள்ளிவிட்டு, மங்கிய பழுப்பு நிறத்தில் கனமாக இருப்பதைப் பொறுக்கி, ஒன்றை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் மணம் எழ வேண்டும். புழுத் துளை இருந்தால் ஆகாது. எஞ்சியிருக்கும் தோலை வீட்டில் நன்றாகச் சீவிப் போட்டுவிட்டு, வெறும் சட்டியில் இலேசாகச் சூடு காட்டி, உரலில் இடித்துச் சலித்து, ஈரம் படாத பாத்திரத்தில் மூடி வையுங்கள். மணம் பறந்துபோன பொடி மரத்தூளுக்குச் சமானம்; ஆகையால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொண்டு, மற்றதைக் கொம்பாகவே வைத்திருங்கள்.